பின் பாக்கெட்டில் போன், காதில் இயர்பட்ஸ்... நடுவில் அலை என்ன ஆகிறது? ஜகதீஷ் சந்திர போஸின் கதை

பெசன்ட் நகர் பீச்சில் காலை வாக்கிங். போன் பேன்ட்டின் பின் பாக்கெட்டில் இருக்கிறது. காதில் இயர்பட்ஸ். பாட்டு விட்டு விட்டு வருகிறது. வீட்டுக்கு வந்து ஹாலில் நடந்தால், அதே போன், அதே பாக்கெட், ஆனா ஒரு பிரச்னையும் இல்லை. பட்ஸ் போச்சு என்று முடிவுகட்டி தி.நகருக்கோ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ புது ஜோடி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பட்ஸில் கோளாறு இல்லாமலேகூட இது நடக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அலை எதற்குள் நுழையும், எதில் முட்டித் திரும்பும், எதில் தங்கிவிடும் என்பதையெல்லாம் ஏறத்தாழ 130 வருஷத்துக்கு முன்பே கொல்கத்தாவில் ஒரு காலேஜ் வாத்தியார் உட்கார்ந்து அளந்து பார்த்தார். ஜகதீஷ் சந்திர போஸ். ஸ்கூல் புத்தகத்தில் செடிகள் தூண்டுதலுக்கு எப்படிப் பதில் தருகின்றன என்று ஆராய்ந்தவராக வந்து, அரைப் பக்கத்தில் போய்விடுவாரே, அவரேதான். உங்கள் காதில் இருக்கும் குட்டிப் பொருளுக்கும் அவருக்கும் இருக்கிற தொடர்பு அந்த அரைப் பக்கத்தில் வராது.

எந்த போஸ்?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காஸ்ட்லியான ஹெட்போன்களில் இருக்கும் போஸ் பிராண்டு இவருடையது அல்ல. அது அமர் போஸ் 1964-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அங்கே போனவர். இயற்பியலில் போஸான் என்று ஒரு துகள் வகை உண்டு, அந்தப் பெயர் சத்யேந்திரநாத் போஸிடமிருந்து வந்தது. அவர் நம்ம ஆளிடம் பிரசிடென்சி காலேஜில் படித்த மாணவர். நேதாஜி போஸைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நாம் பார்க்கப் போவது இவர்கள் எல்லோருக்கும் சீனியரான போஸை.

பியூன் மகனோடு ஒரே பெஞ்ச்

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசப் பகுதியில் பிறந்தார். அப்பா பகவான் சந்திரர் டெபுடி மாஜிஸ்திரேட். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போன காலம் அது. அப்பாவோ மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் பியூனின் மகனும் மீனவரின் மகனும். தாய்மொழி, பிறகு இங்கிலீஷ் என்பது அந்த வீட்டில் முடிவான கொள்கை.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் காலேஜ். அங்கே ஃபாதர் லாஃபோன் என்ற பாதிரியார் செய்துகாட்டிய இயற்பியல் சோதனைகள் பையனைப் பிடித்து இழுத்தன. 1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அடிக்கடி காய்ச்சல். மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்து, 1885-ல் ஊர் திரும்பி கொல்கத்தா பிரசிடென்சி காலேஜில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார்.

இங்கேதான் அவருடைய முதல் சண்டை. அதே வேலை, அதே வகுப்பு, ஆனால் இந்தியருக்கு ஐரோப்பியரைவிடக் குறைவான சம்பளம் என்பது அன்றைய விதி. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் வெட்டினார்கள். போஸ் சத்தம் போடவில்லை. வேலைக்குத் தவறாமல் போனார், பாடம் எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை, மூன்று வருஷம். அப்போது அப்பாவுக்குக் கடன் வேறு. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தை மூன்று வருஷ பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. வேலை மாறும்போது ஆஃபர் லெட்டரை மூன்று தடவை படிக்கிற தலைமுறைக்கு இதன் வலி நன்றாகவே புரியும்.

மெட்ராஸில் படித்த அபலா

அந்தச் சம்பளம் இல்லாத காலத்தில், 1887-ல், அவருக்குக் கல்யாணம். மணமகள் அபலா தாஸ். நம்ம ஊர் இந்தக் கதைக்குள் வருவது இவர் வழியாகத்தான். அபலாவுக்கு டாக்டராக ஆசை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோ 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அதனால் 1882-ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு ரயிலும் கப்பலும் பழகாத வயதில் இங்கே வந்து படித்தார். உடல்நிலை காரணமாகப் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. கணவன் மனைவி இருவருமே மருத்துவம் படிக்கப் போய், உடம்பு சரியில்லாமல் நிறுத்தியவர்கள்! பின்னாளில் அபலா 1919-ல் பெண் கல்விக்காக நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, வங்காள கிராமங்களில் பள்ளிகளை நடத்தினார். போஸின் ஆராய்ச்சிப் பயணங்கள் பலவற்றில் கூடவே போனவரும் அவர்தான்.

டவுன் ஹாலில் அடித்த மணி

1888-ல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகளைச் சோதனைக் கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். அந்த அலைகள் நீளமானவை. அவற்றை வைத்து ஒளியைப் போல வளைத்தும் திருப்பியும் பார்க்க வேண்டுமானால் ராட்சத சைஸில் கருவிகள் வேண்டும். போஸ் கண்டுபிடித்த வழி எளிமையானது. அலையைச் சின்னதாக்கு, கருவியும் சின்னதாகிவிடும். 1894 வாக்கில் வேலையைத் தொடங்கி, வெறும் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள் வரை இறங்கினார். இன்றைய கணக்கில் சுமார் 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதாவது போஸின் அலை நம்முடையதைவிட 25 மடங்கு சின்னது.

லேப் என்று சொல்லிக்கொள்ள காலேஜில் இருந்தது ஒரு சின்ன அறை. கருவிகளைச் செய்துகொடுக்க ஒரு தகரக் கொல்லர். அலையை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி ஒன்று தேவைப்பட்டது. போஸ் என்ன செய்தார் தெரியுமா? பிராட்ஷா ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள்களைச் செருகினார். வேலை செய்தது! சணல் நாரை முறுக்கிவைத்து, அதற்குள் போகும் அலை எப்படித் திரும்புகிறது என்றும் பார்த்தார். ஸ்டார்ட்அப் உலகத்தில் ஜுகாட் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் கூட்டத்துக்கு முன் செய்துகாட்டினார். ஒரு பக்கம் அலையை அனுப்பும் கருவி. தூரத்தில், சுவர்களுக்கு அப்பால் வாங்கும் கருவி. நடுவில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். அலை போய்ச் சேர்ந்தது, மணி அடித்தது, வெடிமருந்து பற்றிக்கொண்டது. அலை கவர்னரின் உடம்பையே தாண்டிப் போனது என்றுதான் அந்த நிகழ்ச்சியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இவ்வளவு சின்ன அலைகளைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். அறையின் சுவர்களில் பட்டு, கவர்னரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பீச் வாக்கிங் பிரச்னைக்கும் இதுதான் விடை. உங்கள் பட்ஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையும் உடம்பு விழுங்குகிறது. வீட்டு ஹாலில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து அலை எப்படியாவது காதுக்கு வந்துவிடும். கடற்கரையில் சுவர் ஏது? பின் பாக்கெட்டில் கிளம்பிய அலைக்கு நேர் வழி உங்கள் இடுப்பு வழியாகத்தான். போனை முன் பாக்கெட்டுக்கோ கைக்கோ மாற்றினால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். சில மாடல்களில் ஒரு பக்க பட் மட்டும் போனோடு பேசி மற்றதுக்குக் கடத்தும். அந்தப் பக்கத்து பாக்கெட்டில் போனை வைத்தால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இடம், வலம் மாற்றி வைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

தட்டினால்தான் மறக்கும் கருவி

இப்போது பேரிங் விஷயத்துக்கு வருவோம். அதற்கும் போஸ் காலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அன்றைக்கு வயர்லெஸ் அலையைப் பிடிக்க இருந்த கருவிக்கு கோஹரர் என்று பெயர். கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள். சாதாரணமாக அதில் மின்சாரம் பாயாது. அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு பாய ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், அலை நின்ற பிறகும் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். பழைய சிக்னலை மறக்காது. ஒவ்வொரு தடவையும் குட்டிச் சுத்தியலால் குழாயைத் தட்டி உதறினால்தான் அடுத்த சிக்னலுக்குத் தயார். ரீசெட் என்பது அன்றைக்கு நிஜமாகவே ஒரு தட்டு!

போஸ் முதலில் தூளுக்குப் பதில் எஃகு ஸ்பிரிங்குகளை வைத்தார். பிறகு இரும்பும் பாதரசமும் தொட்டுக்கொள்ளும் ஒரு அமைப்பைச் செய்தார். தட்டவே வேண்டாம், தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதோடு ஒரு டெலிபோன் இயர்பீஸை இணைத்து, சிக்னலைக் காதால் கேட்டார். 1899 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. வயர்லெஸ்ஸாக வந்ததை இயர்பீஸ் வைத்துக் கேட்ட ஆரம்பகால மனிதர்களில் ஒருவர் என்று இவரைத் தயங்காமல் சொல்லலாம்.

உங்கள் இயர்பட்ஸும் ஒருவகையில் அந்தப் பழைய கோஹரர் மாதிரிதான், மறக்க மறுக்கும். முதல் முறை பேரிங் செய்யும்போது போனும் பட்ஸும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ரெண்டும் ஆளுக்கு ஒன்றாகச் சேமித்துவைத்துக்கொள்கின்றன. அடுத்த தடவை கேஸைத் திறந்ததும் தானாகக் கனெக்ட் ஆவது அதனால்தான். ஒரு பக்கம் சாவி அழிந்து, மறுபக்கம் பழைய சாவியே இருந்தால்? போனில் பெயர் தெரியும், தொட்டால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கனெக்ட் ஆகாது. போன் மாற்றிய பிறகோ, பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ நிறைய பேர் மாட்டுவது இங்கேதான்.

அதனால் ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது. போனின் ப்ளூடூத் செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். பிறகு ரெண்டு பட்ஸையும் கேஸில் வைத்து, கேஸில் பட்டன் இருந்தால் அதை விளக்கு மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். பட்டன் இல்லாத மாடல்களில் பட்ஸையே தொட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். எத்தனை விநாடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டில் இருக்கும். சீட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதற்குப் பிறகு புதிதாக பேரிங் செய்யுங்கள். ஒரு காதில் மட்டும் சத்தம் வருகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான், ஏனென்றால் இடதும் வலதும் தங்களுக்குள் வைத்திருக்கும் ஜோடி உறவும் இந்த ரீசெட்டில் புதுப்பிக்கப்படும்.

பேரிங் லிஸ்டில் பெயரே வரவில்லையா? முதல் சந்தேகம் ஆபீஸ் லேப்டாப் மேல். அல்லது வீட்டில் தம்பி கேம் விளையாடும் பழைய போன். பட்ஸ் கேஸைத் திறந்ததுமே கடைசியாகப் பழகியவரிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே ப்ளூடூத்தை ஆஃப் செய்தால் இங்கே தலைகாட்டும். இன்னொன்று, நம்ம ஊர் வியர்வையும் கடல் காற்றும். கேஸுக்குள் இருக்கும் சார்ஜிங் முனைகளில் அழுக்கு படிந்தால் பட் சார்ஜும் ஏறாது, கேஸில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள். புதுசு வாங்கும் காசு மிச்சம்.

காப்புரிமைப் படிவத்தோடு வந்தவர்

1901 டிசம்பர் 12. இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அதற்கு அவர் காதில் வைத்திருந்ததும் ஒரு டெலிபோன் இயர்பீஸ்தான். அலையைப் பிடித்தது பாதரசம் வைத்த, தானாகத் திரும்பும் கோஹரர். இத்தாலியக் கடற்படையில் இருந்த நண்பர் கொடுத்தது என்று அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. இதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று 1998-ல் ப்ரோபீர் பந்தோபாத்யாய் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களை அலசி எழுதினார். நோபல் பரிசு 1909-ல் மார்க்கோனிக்கும் ஜெர்மனியின் பிரௌனுக்கும் போனது.

போஸ் ஏன் காப்புரிமை வாங்கவில்லை? வாய்ப்பு வராமல் இல்லை. அதே 1901-ல் லண்டனில், ஒரு தந்திக் கம்பெனி முதலாளி காப்புரிமைப் படிவத்தோடு அவரைத் தேடி வந்தார். லாபத்தில் பங்கு தருவதாகவும் சொன்னார். போஸ் மறுத்துவிட்டு, அந்தப் பேராசையைப் பார்த்து மனம் வெறுத்துப்போய் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவருடைய பிடிவாதம். சகோதரி நிவேதிதாவும், சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் விடாமல் வற்புறுத்தியதில், கலீனா என்ற ஈயத் தாது படிகத்தால் செய்த கண்டறியும் கருவிக்கு மட்டும் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 755840. அதை வைத்து அவர் சம்பாதிக்கவில்லை.

இதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனா அந்தப் பணத்தை வாங்கியிருந்தால், சொந்த ஆய்வுக்கூடத்துக்காக இன்னும் பல வருஷம் காத்திருந்திருக்க வேண்டாமே என்றும் தோன்றுகிறது. சம்பளத்துக்காக மூன்று வருஷம் போராடியவர், ராயல்டியை ஒரே பேச்சில் வேண்டாம் என்றது முரண் மாதிரி தெரியும். அவர் கணக்கில் முன்னது மரியாதை, பின்னது வியாபாரம்.

களைத்துப்போன உலோகம்

மார்க்கோனி கடலைத் தாண்டிய நேரத்தில் போஸ் வயர்லெஸ்ஸை விட்டே விலகிக்கொண்டிருந்தார். காரணம், அவருடைய கருவியில் தென்பட்ட ஒரு விநோதம். தொடர்ந்து வேலை வாங்கினால் கருவியின் உணர்திறன் குறைந்தது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மீண்டது. தசை களைப்பது மாதிரியே! உலோகம், தசை, செடி மூன்றும் தூண்டுதலுக்கு ஒரே மாதிரி பதில் தருகின்றனவா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1900-ல் பாரிஸ் மாநாட்டில் இதைப் பேசினார். உடலியங்கியல் நிபுணர்கள் லண்டனில் கடுமையாக எதிர்த்தார்கள், இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்ற தொனியில். அவர் நிற்கவில்லை. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவி அந்தப் பாதையில் வந்தது. அந்த முடிவுகளில் சிலவற்றை இன்றைய அறிவியல் ஏற்கிறது, சில இன்னும் விவாதத்தில் இருக்கின்றன.

இதற்கிடையில் கதை எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. 1896-ல் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்கு அவர் எழுதிய வங்காளக் கதையில், பாட்டில் எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கிவிடுவார் கதாநாயகர். டிசம்பர் மாத சென்னைக்கு உடனடியாகத் தேவைப்படும் தொழில்நுட்பம்!

1917-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் நவம்பர் 30-ல், தன் பிறந்தநாளன்று, கொல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-ல் இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் கிரிடியில் இறந்தார். 79 முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அடுத்த வருஷம் ஜூனில்தான் மெட்ராஸில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது.

ரங்கநாதன் தெருவில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி வாரம். ஆளுக்கு ஒரு போன், பாதிப் பேர் காதில் பட்ஸ், கடைகளில் வைஃபை. எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். அப்படியும் பக்கத்து ஆளின் பாட்டு உங்கள் காதில் கேட்பதில்லை. ஏனென்றால் ப்ளூடூத் ஒரே இடத்தில் நிற்காது. 79 சானல்களுக்கு நடுவே விநாடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். எந்த வரிசையில் தாவுவது என்பது இணைந்திருக்கும் ரெண்டு கருவிக்கு மட்டும் தெரியும். நெரிசலான சானல்களை ஒதுக்கிவிடவும் அதற்குத் தெரியும். ஆனாலும் ஒரு எல்லை உண்டு. அதனால் கூட்டத்தில் புதிதாக பேரிங் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள், கடையில் வாங்கியதைச் சோதித்துப் பார்ப்பதென்றால் போனைப் பட்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். மயிலாப்பூர் அபார்ட்மென்ட் வீட்டில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் பாட்டு தடுமாறினால் பயப்பட வேண்டாம், அந்த அடுப்பும் இதே அலைவரிசைக்காரர். வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பட்ஸுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

போஸின் 60 கிகாஹெர்ட்ஸ் பகுதியை, பெரிய வேகத்தில் டேட்டா அனுப்பும் குறுகிய தூர வயர்லெஸ்ஸுக்கு இன்று பயன்படுத்துகிறார்கள். 2012-ல் ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு, அவருடைய 1894-96 சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. கொல்கத்தாவில் நடந்த இன்னொரு வேலைக்கும் அதே வருஷம் அதே அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. அது நம்ம மெரினா எதிரே இருக்கும் பிரசிடென்சி காலேஜில் படித்துவிட்டுப் போன சி.வி. ராமனுடையது.